பழைய பாஞ்சோ வாங்கப் போகிறவர்களுக்கு: பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை 78,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பாஞ்சோ வாங்கினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது போலி என்று தெரிந்துவிட்டது. இன்று வெள்ளி. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பாஞ்சோ என்றால் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது அமெரிக்க பாஞ்சோ. வட்டமான உடல், மேலே மத்தளம் போல இழுத்துக் கட்டிய தோல், நீளக் கழுத்து, ஐந்து கம்பி. அமெரிக்க பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலில் வாசிப்பதைக் கேட்டு மயங்கி, மூன்று வருஷமாக ஒரு மலிவான பாஞ்சோவில் பழகிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் நல்ல பாஞ்சோ கண்ணில் படுவதே அபூர்வம். அதனால்தான் பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் 'கிப்ஸன் மாஸ்டர்டோன், 1978' (கிப்ஸன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் உயர்ரக பாஞ்சோ) என்று பார்த்ததும் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

விற்றவர் வேளச்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் விபூதி, மெதுவான பேச்சு. உட்காரச் சொல்லி ஃபில்டர் காபி கொடுத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, துண்டால் தூசி தட்டித் திறந்தார். அண்ணன் மிச்சிகனில் இருந்தபோது வாங்கியது, அவர் போனபிறகு வீட்டில் தொடுவார் இல்லை என்றார். நான் நாலு நிமிஷம் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "யாருக்கோ வித்துட மனசு வரல தம்பி. வாசிக்கிறவங்க கையிலதான் போகணும்னு இத்தனை நாள் வெச்சிருந்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

பின்பக்க மரக் கிண்ணத்தை, அதாவது ரெசனேட்டரை, கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கேட்டேன், அதுதான் இப்போதும் மனசை அறுக்கிறது. "பழசு தம்பி, கழட்டினா செட்டிங் போயிடும். வீட்டுல கொண்டுபோய் நிதானமா பாருங்க" என்றார். அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருப்பது கையாலேயே திருகும் நாலு ஸ்க்ரூ. கழற்றினால் எந்த செட்டிங்கும் போகாது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பெரியவரிடம் மேற்கொண்டு பேசக் கூச்சப்பட்டு, 78,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதைத் திருவல்லிக்கேணியில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியதுமே "ரொம்ப லேசா இருக்கே" என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். மூன்று கிலோ சொச்சம். அசல் மாஸ்டர்டோன் ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். உள்ளே தடித்த மேப்பிள் மர வளையமும், அதன்மேல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வெண்கல வளையமும் உட்கார்ந்திருக்கும். டோன் ரிங் என்பது அதுதான். பாஞ்சோவின் குரலே அதில்தான். நாலு ஸ்க்ரூவையும் கழற்றினோம். மரமும் இல்லை, வெண்கலமும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த அலுமினிய வளையம். கிண்ணத்தின் உள்பக்கம் பழைய ஸ்டிக்கர் ஒன்றைச் சுரண்டி எடுத்த தடம்; பசை இன்னும் விரலில் ஒட்டியது.

அப்புறம் கழுத்தின் நுனியில் இருக்கும் தலைப்பகுதிக்குப் பின்னால் இருந்த எட்டு இலக்க எண். 1977-லிருந்து கிப்ஸன் எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருஷம். நடுவில் வரும் மூன்று இலக்கமும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்று சொல்லும். என் பாஞ்சோவில் 7, 487, 8. வருஷத்தில் 487-ஆவது நாள் எங்கிருந்து வரும்? எண்ணைக் குத்தினவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ரெண்டு நிமிஷம் போதும், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ரெண்டு நிமிஷத்தை நான் ஒதுக்கவில்லை.

போன் செய்தேன். "நீங்க பாத்து, வாசிச்சுத்தானே எடுத்தீங்க?" என்றார். தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது சார் என்கிறார். மறுநாள் காலை நம்பரை பிளாக் செய்துவிட்டார். நேரில் போனால், ஆள் ஊரில் இல்லை என்று வாட்ச்மேன் சொல்கிறார். ஆப் கம்பெனிக்கு எழுதினேன். விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை, விற்பவர் வாங்குபவர் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது. காவல் நிலையத்தில் சிவில் வழக்கு போடச் சொன்னார்கள். 78,000 ரூபாய். இரண்டு வருஷ போனஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிய பணம்.

எப்படிப் பரிசோதிப்பது என்று படத்தோடு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ரெசனேட்டரைக் கழற்றவிடாதவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான். கைத்தராசு ஒன்று கொண்டுபோங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், அது வெண்கலத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. தலையில் இருக்கும் மணி வடிவச் சின்ன மூடிக்கு கிப்ஸனில் இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று காலை அதே ஆப்பில் வேறு பெயரில் ஒரு மாண்டலின் விளம்பரம் வந்திருக்கிறது. 1964-ஆம் வருஷத்து கிப்ஸனாம். படத்தில் அதே கட்டில், அதே நீலக் கோடு போட்ட துண்டு. நான் புகார் அனுப்பி ஆறு மணி நேரம் ஆகிறது. விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. யாராவது அங்கே போய் உட்கார்ந்து காபி குடிப்பதற்குள் இந்தப் பதிவு அவர் கண்ணில் படட்டும்.