ஞாயிறு மேட்னியும் ஐந்து டெசிபலும்

நான்கு வயது மகனையும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாரையும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அழைத்துப் போகலாமா, நாங்கள் வழக்கமாகப் போகும் திரையரங்கு அதற்கு ஏற்றதா என்று அலுவலகத் தோழி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். திருச்சியில் உள்ள அந்த அரங்குக்கு ஐந்து ஆண்டுகளாக, தேர்வுக் காலம் தவிர, மாதத்துக்கு இரண்டு ஞாயிறுகளாவது நாங்கள் ஐவரும் போய் வருகிறோம். நானும் கணவரும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், ஆறு வயது மகள், எழுபதைக் கடந்த என் மாமியார். இத்தனை காலப் பழக்கம் இருந்தும் தோழிக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. சொல்ல முடியாமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுப்பித்தலுக்காகச் சில மாதங்கள் மூடியிருந்து திறந்தபின் அரங்கு நன்றாகவே இருக்கிறது. பழைய விளக்குப் புரொஜெக்டர் இருந்த காலத்தில் இரவுக் காட்சிகளில் முகங்கள் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். லேசர் புரொஜெக்டர் வந்தபின் திரையின் ஓரம் வரை ஒரே வெளிச்சம். இருக்கைகளின் வரிசைக்கிடையே முழங்கால் இடிக்காத இடைவெளி விட்டிருக்கிறார்கள். மாமியார் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதற்கு வசதியாகப் படிகளின் ஓரத்தில் சிறு விளக்குகள் பதித்திருக்கிறார்கள். கழிப்பறை, இடைவேளைக் கூட்டத்துக்குப் பிறகும், சுத்தமாக இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

செலவும் நியாயம்தான். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. இணையத்தில் முன்பதிவு செய்தால் ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் ஏறும் கட்டணம் அந்தச் சலுகையை விழுங்கிவிடும் என்பதால் நாங்கள் கவுன்ட்டரிலேயே வாங்குகிறோம். வெளியுணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீரை இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுசெல்வதைத் தடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. இங்கே குடிநீர்க் குழாய் கேன்டீனுக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. பால் புட்டியை வாசலில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. தமிழில் குரல் கொடுக்கப்பட்ட ஆங்கில அனிமேஷன் படங்களுக்கு இடைவேளை விடும்போது மட்டும், இடைவேளைக்கென்று எழுதப்படாத கதையைப் பாதிப் பேச்சில் நிறுத்துகிறார்கள். குழந்தைகளுக்குக் கழிப்பறை இடைவெளி தேவை என்பதால் அதையும் நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

என் குறை ஒலியின் அளவு. அதை ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுப்பித்தபின் இன்னும் கூடுதலாகச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் இரண்டரை மணிக் காட்சியில் படம் தொடங்கிய சிறிது நேரத்தில் அரங்கைத் திரும்பிப் பார்த்தால் எத்தனை குழந்தைகள் காதுகளைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். என் மகள் வலது கையால் பாப்கார்னை எடுத்துவிட்டு மறுபடியும் காதுக்குக் கொண்டுபோவாள். மாமியார் செவித்துணைக் கருவி அணிகிறவர். சண்டைக் காட்சி வந்ததும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வார். சண்டை முடிந்து மாட்டுவதற்குள் நான்கு வசனங்கள் போயிருக்கும். இவ்வளவு உரத்த ஒலியிலும் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. புதுப்பித்தபோது நடைபாதையில் இருந்த கனத்த விரிப்பையும் பக்கச் சுவர்களின் துணித் திரைகளையும் எடுத்துவிட்டுப் பளபளக்கும் டைல்ஸ் பதித்தார்கள். ஒலியை உறிஞ்சியவை போய், எதிரொலிப்பவை வந்தன. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது புரியவில்லை என்று யாராவது சொன்னால் மொத்த ஒலியையும் கூட்டுகிறார்கள். அதோடு இசையும் வெடிச்சத்தமும் சேர்ந்து ஏறுகின்றன, எதிரொலியும் ஏறுகிறது, வசனம் முன்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இதன் நுட்பத்தை நான் தெரிந்துகொண்டது அந்த அரங்கின் ஆபரேட்டர் ஒருவரிடமிருந்து. பிறகு நானும் தேடிப் படித்தேன். படத்தின் ஒலிக்கலவை நடக்கும் கூடத்தில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் என்ற அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். திடீர் உச்சங்களுக்காக அதற்கு மேலும் 20 டெசிபல் இடம் விடப்பட்டிருக்கும். அரங்கின் ஒலிச் செயலியில் அதே அளவைக் குறிப்பது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரின் 7 என்ற எண். 4-க்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று டெசிபலுக்குச் சற்று அதிகமாக ஏறும் என்பதால் 7-லிருந்து 5.5-க்கு இறக்கினால் 5 டெசிபல் குறையும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் காதில் சேரும் ஒலியாற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

செல்பேசிகளிலும் காதொலிக் கருவிகளிலும் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலையும் குழந்தைகளுக்கு 75 டெசிபலையும் எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அதாவது, குழந்தைகளுக்காக அந்த நிறுவனம் குறைத்திருப்பதும் அதே 5 டெசிபல்தான். மாதத்துக்கு இருமுறை படம் பார்ப்பதால் என் மகளின் செவி கெட்டுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. குடும்பத்தோடு வாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டி அழைக்கும் ஒரு காட்சியில், ஆறு வயதுக் குழந்தை இரண்டரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஏன் குறைப்பதில்லை என்பதற்கும் ஆபரேட்டரே விளக்கம் தந்தார். பெரிய நடிகரின் படம் வெள்ளிக்கிழமை காலை வெளியாகும்போது விசில் சத்தத்தையும் கைத்தட்டலையும் மீறி ஒலி கேட்கவேண்டும் என்பதற்காக ஃபேடரை ஏற்றி வைக்கிறார்கள். நிறைந்த கூட்டமே ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. அதே எண் சனிக்கிழமையைக் கடந்து, பாதி இருக்கைகள் காலியாகவும் மீதியில் பாதி குழந்தைகளாகவும் இருக்கும் ஞாயிறு மேட்னி வரை வந்துவிடுகிறது. முன்பெல்லாம் கேபினில் ஒருவர் படம் முழுவதும் நின்றுகொண்டிருப்பார். கீழிருந்து யாராவது சொன்னால் கையை நீட்டிக் குறைப்பார். இப்போது எந்தக் காட்சி எத்தனை மணிக்குத் தொடங்கும், விளக்கு எப்போது அணையும் என்பதெல்லாம் கணினிப் பட்டியலில் ஏற்றப்பட்டுத் தானாக நடக்கிறது. ஆபரேட்டர் மூன்று திரைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். அதே பட்டியலில் ஞாயிறு மேட்னிக்கு மட்டும் வேறு ஒலியளவு என்று ஒரு கட்டளையைச் சேர்த்துவிடலாம் என்று அவர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து என் வருத்தம் கோபமாக மாறியது. ஒரு ரூபாய் செலவில்லை. யாரும் கேபினுக்குப் படியேறக்கூட வேண்டியதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, நான் இடைவேளையில் போய்க் கேட்டதும், அவர் எதுவும் பேசாமல் 5.5-க்கு இறக்கினார். அந்த இரண்டாம் பாதியை நான் மறக்கமாட்டேன். மாமியார் கருவியைக் கழற்றவேயில்லை. கதாநாயகியின் தாயார் மெல்லிய குரலில் சொன்ன ஒரு வசனத்துக்கு எங்களுக்கு முன்பாகவே சிரித்தார். மகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தாள். எதிரொலி அடங்கியதால் வசனம் முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. ஒலி போதவில்லை என்று அரங்கில் ஒருவரும் குரல் எழுப்பவில்லை. புதிய இருக்கைகளையும் லேசர் வெளிச்சத்தையும் அன்றுதான் நாங்கள் முழுமையாக அனுபவித்தோம் என்று தோன்றியது.

அடுத்த முறை போனபோது பழைய அளவுதான் இருந்தது. ஆபரேட்டர் வேறொருவர். மேலாளரிடம் மூன்று முறை நேரில் சொன்னேன், ஒருமுறை எழுதியும் கொடுத்தேன். குழந்தைக்குப் பஞ்சு வைத்து அழைத்து வாருங்கள் என்றார். அமெரிக்காவில் ஒரு பெரிய திரையரங்கு நிறுவனம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒலியைக் குறைத்து, விளக்கைச் சற்று ஏற்றி 2007-லிருந்து தனிக் காட்சிகள் நடத்துகிறது என்று அவரிடம் சொன்னேன். நான் கேட்டது அவ்வளவுகூட இல்லை. ஞாயிறு ஒரு காட்சிக்கு 5 டெசிபல்.

சென்ற ஞாயிறு முதல் சண்டைக் காட்சியிலேயே மகள் அழத் தொடங்கினாள். நானும் அவளும் இடைவேளை வரை வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூடிய கதவைத் தாண்டி வந்த ஒலியில் வசனங்கள் எல்லாம் புரிந்தன.

ஆகவே தோழிக்கு என் விடை: அழைத்துப் போகாதீர்கள். இருக்கை, படம், விலை, சுத்தம் அனைத்தும் நன்று. இந்த ஊரில் இவ்விலைக்கு இதைவிட நல்ல அரங்கில் நான் படம் பார்த்ததில்லை. ஆனாலும் நான்கு வயதுக் குழந்தையோடு வேண்டாம். போயே தீரவேண்டும் என்றால் பக்கச் சுவர் ஸ்பீக்கர்களை ஒட்டிய இருக்கைகளைத் தவிர்த்து, நடுப்பகுதியில், பின்புறத்திலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன், மேட்னி இன்று எந்த எண்ணில் ஓடுகிறது என்று கவுன்ட்டரில் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருவரானால் மேலாளர் ஒருவேளை காதுகொடுப்பார். 5.5 என்று என்றைக்காவது பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். நாங்கள் ஐவரும் வந்துவிடுகிறோம்.