இடுப்பு மூட்டு மாற்றி 13 வருடம்: எக்ஸ்ரே படங்களோடு என் அனுபவம்

2012 ஆடி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு அமுங்கிப் போயிருந்தது. அப்போது வயது 56. வலி போனது. பத்தமடைக்காரனான எனக்குக் கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்காருவதும் அதோடு போனது. சரி, நடக்க முடிகிறதே என்று நாற்காலிக்குப் பழகிக்கொண்டேன்.

தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பொருத்திய மூட்டு வருடங்கள் போகப்போக எலும்பில் பிடிப்பு விட்டுத் தளரலாம். அதைக் கண்காணிக்க முதலில் கைகொடுப்பது சாதாரண எக்ஸ்ரேதான். எனக்கு ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, வருடம் முடிந்ததும் ஒன்று எடுத்தார்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். 2017 வரை ஒழுங்காகப் போனேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “அடுத்த வருஷமே வந்திருங்க” என்றார் டாக்டர். வலி இல்லாததால் நான் போகவில்லை. பிறகு கொரோனா வந்தது.

2022-இல் நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கிற முதல் நாலைந்து எட்டில் மட்டும் தொடையில் வலி. நடக்க நடக்கக் குறைந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுத்தேன். ‘செயற்கை மூட்டு உரிய இடத்தில் உள்ளது’ என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். அந்தப் படத்தில், தொடை எலும்புக்குள் பதித்திருந்த உலோகத் தண்டின் கீழ்நுனியே விழவில்லை என்பதும், பழைய படம் எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வலி கூடியதும் பாளையங்கோட்டைக்கே போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணாச்சி, பழைய படம் இருக்கா?” இருந்தது. “இத இன்னும் எதுக்குப் பொதிஞ்சு வச்சிருக்கிய?” என்று வீட்டில் கேட்டபோதெல்லாம் தூக்கிப்போடாமல் பீரோ மேல்தட்டில் வைத்திருந்தேன். திரும்பவும் புதுப் படம் எடுத்தார்கள்: இரண்டு இடுப்பும் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கால் வெளியே சாய்ந்திருந்தால் தண்டு வேறு கோணத்தில் விழும். பழையதோடு ஒப்பிட முடியாது. அதனால் ஊழியர் என் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி கால்களை உள்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

2013 படத்தையும் 2017 படத்தையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினார் டாக்டர். எனக்குத் தண்டு சிமென்ட் வைத்துப் பதித்தது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அந்த சிமென்டில் பேரியம் சல்பேட் மாதிரி ஒன்றைக் கலப்பார்கள், அதனால் வெள்ளையாக விழும். 2013-இல் வெள்ளை சிமென்டும் எலும்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தன. 2017-இல் வெளிப்பக்க மேல்மூலையில் பென்சிலால் இழுத்தாற்போல ஒரு கறுப்புக் கோடு. 2022-இல் அந்தக் கோடு தடித்து, 2 மில்லிமீட்டரைத் தாண்டி, தண்டின் ஓரமாகக் கீழே இறங்கியிருந்தது. தண்டைச் சுற்றி எலும்பை 7 பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது மருத்துவர்கள் வழக்கம். என் படத்தில் நான்கு பகுதியில் கோடு. தண்டும் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

அதை அளந்த விதத்தை இன்றும் வியந்து நினைப்பேன். எக்ஸ்ரேயில் எல்லாம் நிஜ அளவைவிடப் பெரிதாக விழும். மூட்டின் உலோகப் பந்து 28 மில்லிமீட்டர் என்பது அறுவை சிகிச்சைக் குறிப்பிலேயே இருந்தது. படத்தில் அது 33 வந்தது. அந்த விகிதத்தை வைத்து மற்ற அளவுகளைச் சரிசெய்தார். அந்தக் குறிப்புத் தாளை நான் தொலைத்திருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

கிருமித் தொற்றாலும் மூட்டு தளரும். அதை எக்ஸ்ரே மட்டும் சொல்லிவிடாது என்று, உடம்பில் அழற்சி இருக்கிறதா எனக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் பார்த்தார்கள். தொற்று இல்லை. 2023 தொடக்கத்தில் தண்டை மட்டும் மாற்றினார்கள். பந்து உட்காருகிற, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணம் உறுதியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையைப் புதிதாகப் போட்டார்கள். பழைய படங்களில் பந்து கிண்ணத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. உறை தேய்கிறது என்பதற்கு அது அடையாளம். தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள எலும்பையே அரிக்க வைக்கும். பல பேருக்கு அந்த அரிப்பு வலியே காட்டாமல் நடக்கும் என்று டாக்டர் சொன்னபோது, 2018-இல் போகாமல் விட்டதை எண்ணி மனசு கனத்தது.

அடிக்கடி கதிர்வீச்சு படுகிறதே என்று என் மதினி பயந்தார். ஒரு இடுப்பு எக்ஸ்ரேயில் படுவது, இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் நம்மேல் படுவதைவிடக் குறைவு.

இப்போது படங்களை நிற்கவைத்து அடுக்குகிறேன். படுக்கப்போட்டு மேலே சாமான் வைத்தால் அக்னி நட்சத்திர வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2015 படம் எனக்கு அப்படித்தான் வீணானது. சி.டி.யும் வாங்கிவிடுகிறேன். வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற போட்டோவை வைத்து ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பார்க்க முடியாது.

புதுத் தண்டுக்கு இதுவரை நான்கு படம் ஆகியிருக்கிறது. கறுப்புக் கோடு எதுவும் இல்லை. அடுத்தது தை பிறந்ததும்.