பழைய ஜீப்: டிஃபென்டரா, பஜெரோவா, ஜிம்னியா?

யாழ்ப்பாணத்தில் பழைய ஜீப் விற்கிறவர் முதலில் எடுத்து நீட்டுவது புகைச் சான்றிதழைத்தான். "எமிஷன் பாஸ் அண்ணை, லைசன்சும் இருக்கு, வேறென்ன வேணும்?"

இன்னும் நிறைய வேணும். 2008 இல் தொடங்கிய இந்தப் பரிசோதனை புகையை மட்டும்தான் அளக்கிறது. டீசல் என்றால் அக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் புகையின் கருமையைப் பார்ப்பார்கள். பெற்றோல் என்றால் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, செசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கறள் தின்றிருக்கிறதா என்று அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. வீட்டுப் பாவனைக்கு ஓடும் ஜீப்புக்கு அதுவும் இல்லை. போதாததற்கு, பரிசோதனைக்கு முதல்நாள் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் அளவைக் குறைத்துவிட்டு, பாஸ் ஆனதும் பழையபடி கூட்டிவிடுகிற கெட்டிக்காரரும் இருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் மூன்று வயது தாண்டிய கார் வருடாவருடம் எம்ஓடி என்கிற தகுதிப் பரிசோதனைக்குப் போகவேண்டும். வண்டி இலக்கத்தைக் கொடுத்தால் பழைய முடிவுகளை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், லான்ட் ரோவர் டிஃபென்டர், மிற்சுபிசி பஜெரோ, சுசுக்கி ஜிம்னி மூன்றும் எதில் தேறாமல் விழும் என்று அங்கத்தைய கராஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த இடங்களை இங்கே நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை இறக்குமதி நின்றிருந்ததில் இருபத்தைந்து வயது ஜீப்பும் பெரிய காசு கேட்கத் தொடங்கியது. ஆகவே லிஃப்டில் ஏற்றாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

டிஃபென்டரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. "அலுமினிய பொடி, கறளே பிடிக்காது" என்பார்கள். மேலே அலுமினியம்தான். கீழே செசியும், முன்கண்ணாடிக்குக் கீழே கால்வைக்கும் இடம்வரை வருகிற பல்க்ஹெட்டும் இரும்பு. இரண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் கீழ்விளிம்பை விரலால் தடவினால் தெரிந்துவிடும். முதலில் போவது பின் குறுக்குச் சட்டம். மணற்காட்டு மணலும் பண்ணைப் பாலத்து உப்புக்காற்றும் அதற்குள்ளே போய்த் தங்கிவிடும், வெளியே தார் பளபளக்கும். ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் சட்டத்தின் அடிப்பக்கத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு "டங்" என்று திருப்பிச் சொல்லும். கறள் தின்ற இடம் "பொத்" என்று அமுங்கும், சிலவேளை செதில் செதிலாகக் கையில் விழும். புதிதாகத் தார் பூசிய டிஃபென்டரை நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பொருத்தியிருக்கும் இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் இரும்பு வலுவிழக்க அரித்திருந்தால் எம்ஓடியில் தேறாது. நீங்களும் அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம்.

டிஃபென்டரின் 300டிடிஐ டீசல் எஞ்சின் அருமையான எஞ்சின், எளிமையானது, எந்தக் கராஜிலும் கழற்றிப் பூட்டுவார்கள். ஆனால் டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. எப்போது மாற்றியது என்று விற்கிறவருக்கே தெரியாவிட்டால், புகைப் பரிசோதனையில் அடிவரை மிதிக்க முன்னர் மாற்றிவிடுங்கள். முன் அச்சின் இரு முனையிலும் இருக்கும் குரோம் உருண்டைகளையும் பாருங்கள், பொத்தல் விழுந்து எண்ணெய் கசிந்தால் செலவு இருக்கிறது. மற்றபடி சின்னச்சின்ன ஓயில் கசிவை டிஃபென்டர்காரர் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பஜெரோவின் கதை வேறு. 1991 முதல் 1999 வரை வந்த இரண்டாம் தலைமுறையைத்தான் சொல்கிறேன், அதிலும் 2.8 லீற்றர் 4எம்40 டீசல் எஞ்சின் உள்ளதை. மூன்றிலும் சொகுசு இதுதான், குடும்பத்தோடு ஏ9 வழியே கொழும்புக்குப் போக இதற்கு நிகரில்லை. டைமிங்குக்குச் சங்கிலி, அறுகிற பயம் இல்லை. ஆனால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அதன் மேல்பகுதியான ஹெட்டில் வெடிப்பு விழும். இங்கேதான் எங்கள் ஊர்த் தண்ணீர் வில்லனாகிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிற கிணற்றுத் தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேற்றரிலும் படியும். கூலன்ற் ஊற்றாமல் வாளியில் மொண்டு ஊற்றி ஓடிய பஜெரோவின் ரேடியேற்றர் பாதி அடைத்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள், விளிம்பில் வெள்ளைப் பொருக்கோ துருச் சேறோ தட்டுப்பட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணியபின் தண்ணீருக்குள் குமிழி விடாமல் வந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும். நான்கு சக்கர லீவரைப் போடும்போது டாஷ்போர்டு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வக்யூம் சொலினாய்டு (காற்றுறிஞ்சலைத் திறந்து மூடும் சின்ன வால்வு) பழுது, இது விலையைக் குறைக்க உதவும், விட்டுவிட்டு வரக் காரணமில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் போல் ஜொயின்ற் தேய்வது வழமை.

ஜிம்னி ஒரு தொன் சுற்று எடை, குறுகின ஒழுங்கைக்குள் இரண்டு வேலிக்கும் நடுவே கதவு திறந்து இறங்கலாம். 1.3 பெற்றோல் எம்13ஏ எஞ்சினுக்கும் சங்கிலிதான், புகைப் பரிசோதனையில் மூன்றிலும் குறைந்த தலையிடி இதற்கு. விழுவது ஸ்டியரிங்கில். எழுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு நடுங்கும். "வீல் பாலன்ஸ் செய்தால் சரி" என்பார்கள். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் கிங்பின் பெயரிங், அதாவது சக்கரம் இடம்வலம் திரும்புகிற முளையின் பெயரிங். முன் சக்கர ஹப்பும் வக்யூம் குழாயில்தான் ஓடுகிறது, குழாய் வெடித்திருந்தால் பொத்தானை அமத்தினாலும் நான்கு சக்கரம் பூட்டாது. பின் பம்பருக்கு உள்ளே, முன் விளக்குகளுக்குப் பின்னே கறள்.

உதிரிப்பாகம் மூன்றுக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் கிடைக்கும், விலை வேறு கதை.

யாழ்ப்பாண டவுணுக்குள்ளும் தீவகத்துக்குமாக ஓடுகிறவருக்கு என் வாக்கு ஜிம்னிக்கு. கிங்பின் பெயரிங் மாற்றுவது ஒருநாள் வேலை, செசிக்கு வெல்டிங் அடிப்பது அப்படியல்ல. பஜெரோ வாங்கினால் முதல் வேலை புது ரேடியேற்றர், அந்தக் காசையும் விலையில் கழித்துப் பேசுங்கள். வன்னியில் காணி வைத்துக்கொண்டு உரமூட்டையும் நீர்ப்பம்பும் ஏற்றுகிறவருக்கு ஜிம்னி காணாது. அவர் நல்ல செசியோடு ஒரு நீளமான டிஃபென்டர் 110 அகப்படும்வரை பொறுத்திருக்கட்டும், எஞ்சின் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.