மாடியில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை: 3 கிலோவாட் சோலாரோடு ஒன்றரை வருடம்

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "அத்தான், சோலாருக்கு ஜிஎஸ்டியைக் குறைச்சிட்டாங்களாம்லா. நீங்க போட்டு ஒன்றரை வருசம் ஆச்சே, நான் இப்ப போடலாமா?"

அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. அப்போது மணி ஒன்றரை. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆறு பேனலும் முழு வெயிலை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கின்றன. கீழே, படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவுக்கு நான் விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறேன். யூபிஎஸ் பேட்டரி ஒரு மணிக்கே தீர்ந்துவிட்டது. படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்றுப் படுக்கையின் பம்பும் நின்றுவிட்டது. "நாளைக்குப் பேசறேன் மாப்ளே" என்று வைத்துவிட்டேன். அன்று பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். 2024 பிப்ரவரியில் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்ததும் விண்ணப்பித்து, ஏப்ரலில் போட்டது. வந்த விலை சுமார் 2 லட்சம், அதில் 78,000 ரூபாய் மானியமாக வங்கிக் கணக்குக்கே வந்தது. அதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வரை ஓடும், ஐயாயிரத்துச் சொச்சம் கட்டுவேன். இப்போது சில நூறுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் விளைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதியாகிவிடும், சித்திரையில் அது ஈடாகிவிடும்.

நம் ஊர்க் கட்டண முறையில் இதற்குத் தனி லாபம் ஒன்று இருக்கிறது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிறதல்லவா, சோலார் குறைப்பதெல்லாம் உச்சியில் இருக்கிற 8, 9, 10 ரூபாய் யூனிட்டுகளை. 500 யூனிட்டுக்குள் இறங்கிவிட்டால், 2025 கட்டணப்படி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 4.80க்குப் பதில் 2.35தான். அதனால் நான்கு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும் என்பது என் கணக்கு. நான் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது: பேனல் நிழலில் மாடி அறை குளிர்ந்துபோனது. அங்கே மதியம் தூங்க முடிகிறது.

இவ்வளவு நல்லதையும் மாதத்துக்கு ஒரு நாள் கெடுக்கிறது. பராமரிப்பு மின்தடை எப்போதும் பகலில்தான் வரும், அதாவது பேனலுக்கு உச்ச விளைச்சல் இருக்கிற நேரத்தில். தெருவில் கரண்ட் போன அடுத்த நொடி என் வீட்டு சோலாரும் நின்றுவிடும். சோலார் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு, 'நோ கிரிட்' (தெரு மின்சாரம் இல்லை) என்று எழுத்து. பேனலில் வோல்டேஜ் இருக்கும், ஆனால் ஒரு சொட்டு கரண்ட் வீட்டுக்குள் இறங்காது.

விற்க வந்தவர் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, "இனிமே கரண்ட் கட் கவலையே வேண்டாம் சார்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. முதல் மின்தடை அன்று அவருக்குப் போன் செய்தேன். "ஆன்-கிரிட்னா அப்படித்தான் சார்" என்றார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே சார்." எனக்குத் தெரியாததை நான் எப்படிக் கேட்பேன்?

பிறகு நானே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் வீட்டில் இன்வெர்ட்டர் என்று சொல்லுகிற யூபிஎஸ் வேறு, சோலாரோடு வருகிற ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வேறு. யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரி இருக்கிறது, தானே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உண்டாக்கும். ஆன்-கிரிட்டோ தெருவில் வருகிற மின்சாரத்தின் தாளத்தைப் பார்த்து அதோடு சேர்ந்து வாசிக்கிற பின்பாட்டு. முன்பாட்டு நின்றால் 2 நொடிக்குள் இதுவும் நிற்க வேண்டும், அது சட்டம். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறையில் இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்தாலும், ஒரு நிமிடமாவது நிலையாக இருந்த பிறகே சேர வேண்டும். தெருவில் வோல்டேஜ் 253ஐத் தாண்டினாலும் கழன்றுகொள்ளும்.

ஏன் இந்தக் கெடுபிடி என்பது, மைத்துனர் போன் செய்த அன்று மூன்று மணிக்கு எனக்கு நேரில் விளங்கியது. லைன்மேன் ஒருவர் எங்கள் கேட்டில் வந்து நின்றார். "அண்ணே, இது சோலார் வீடுதானே? மிஷின் ஆஃப் ஆயிருக்கா?" ஆகியிருக்கிறது என்றேன். மாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கம்பத்தில் ஏறினார். என் வீட்டு 230 வோல்ட் கம்பியில் பின்னோக்கிப் போய் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால், மறுபக்கம் 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கிறவர் அவர். அந்த விதி ஒரு நாளும் தளரக்கூடாது. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் விதி தடுப்பது தெருக் கம்பிக்குப் போவதைத்தான். என் அம்மாவின் மின்விசிறிக்குப் போகக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போனதும் தெருவிலிருந்து வீட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியையும் பேனலையும் வைத்துத் தனி வரிசையில் சில பாயிண்டுகளை ஓட்டும். லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, வீட்டுக்கும் கஷ்டமில்லை. மானியம் பேனலின் கிலோவாட்டைக் கணக்கிட்டுத் தருவதுதான், பேட்டரிக்கென்று எதுவும் கிடையாது. அதனால் விற்பவர் விலை குறைந்த ஆன்-கிரிட்டையே நீட்டுகிறார், நாமும் பில்லை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். நோயாளி இருக்கிற வீடுகளுக்காவது பேட்டரிக்கு உதவி தரலாம். இன்று நான் மாற்றுவதென்றால், ஹைப்ரிட்டுக்கும் லித்தியம் பேட்டரிக்கும் கேட்கிற விலை, மானியம் போக மொத்த சோலாருக்கும் நான் கொடுத்த தொகையைத் தொடுகிறது.

யூபிஎஸ்ஸை எப்படியாவது இதோடு கோத்துவிட முடியுமா என்று எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டேன். தொடவே கூடாது என்றான். பேனலில் மிஞ்சுகிற கரண்ட் போக இடமில்லாமல் யூபிஎஸ்ஸுக்குள் திரும்பி ஏறுமாம், பேட்டரியும் போகும், மிஷினும் எரியும். அவன் சொன்ன வேறொன்றைச் செய்தேன்: அம்மா அறையில் 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டியிருக்கிறேன்.

ஜிஎஸ்டி விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனது உண்மை. ஆனால் சோலார் பில்லில் 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்று பிரிப்பார்கள். வேலைக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆக மொத்தத்தில் 13.8 சதவீதம் 8.9 ஆகியிருக்கிறது. வரிக்கு முன் 1,80,000 என்றால் சுமார் 8,800 ரூபாய் மிச்சம். அதற்காக ஓடிப்போய் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.

மறுநாள் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "போடாதே" என்றேன். அவருக்கு ஆச்சரியம். "பில்லு ஒண்ணுமே இல்லைன்னு தீபாவளிக்குச் சொன்னது நீங்கதானே அத்தான்?" சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டில் அத்தைக்கு ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. அது 300 வாட் கேட்கும். வெறும் ஆன்-கிரிட்டை நம்பி அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருக்க முடியாது. பேட்டரியோடு போடப் பணம் சேரும் வரை பொறு என்றேன். போடும்போது, மின்தடையில் எந்தெந்த பாயிண்ட் ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கு என்றேன். வாயால் சொன்னால் ஏற்காதே.

அடுத்த மின்தடை வியாழக்கிழமை, 9 முதல் 5 வரை. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை சாயங்காலம் வருகிறது.