புதுச்சேரியில் பிக் பேண்டுக்கு எழுதக் கற்றுத்தரும் வகுப்பு: ஆறு மாத அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு ஆறு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் சென்று, ஜாஸ் பிக் பேண்டுக்கு அரேஞ்ச்மென்ட், அதாவது ஒரு மெட்டில் ஒவ்வொரு வாத்தியமும் எதை வாசிக்க வேண்டும் என்பதை, எழுதக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் படித்து முடித்திருக்கிறேன். ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்தும் ஆசிரியரும் தம் பெயர் வெளியே வருவதை விரும்பாதவர் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. கீபோர்டு வகுப்பும் கிட்டார் வகுப்பும் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் பக்கத்தில், பதினேழு பேர் கொண்ட குழுவுக்கு எழுதச் சொல்லித்தரும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். தேர்பவனி, கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம் எதுவானாலும் எங்கள் வழக்கம் ஒன்றுதான்: டிரம்பெட்டும் கிளாரினெட்டும் மெட்டைச் சேர்ந்து வாசிக்கும், யூஃபோனியம் அதையே கீழ் ஸ்தாயியில் தாங்கும், டிரம்மும் சிம்பலும் நடையைப் பார்த்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் எழுதித் தருவதில்லை. ஆனால் 1960களின் விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாடல்களில் டிரம்பெட்டுகள் கூட்டமாக எழும்பும் இடங்களைக் கேட்கும்போதெல்லாம், ஆளுக்கு ஒரு ஸ்வரம் வாசித்தும் அது ஒரே ஆள் பேசுவதுபோல் கேட்பது எப்படி என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த மாடிப்படி ஏறினேன்.

முதல் இரண்டு வாரங்கள் குழுவின் அமைப்புக்கும் வாத்தியங்களின் சுருதி மாற்றத்துக்கும் போய்விட்டன. இன்று வழக்கத்தில் இருக்கும் பிக் பேண்டில் ஆல்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாரிடோன் ஒன்று என ஐந்து சாக்ஸபோன்கள், நான்கு டிரம்பெட்டுகள், நான்கு டிராம்போன்கள், இவற்றுடன் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் சேர்ந்த ரிதம் செக்ஷன் இருக்கும். நம்மவர்களுக்குச் சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத் கையில் இருந்த ஆல்டோதான் நினைவுக்கு வரும். அந்த ஆல்டோவில் சி என்ற ஸ்வரம் ஒலிக்க வேண்டுமானால் தாளில் ஏ என்று எழுத வேண்டும், டிரம்பெட்டுக்கு டி என்று எழுத வேண்டும், டிராம்போனுக்கு மட்டும் ஒலிப்பதை அப்படியே எழுதலாம். டெனருக்கு டிரம்பெட்டின் மாற்றத்துடனும், பாரிடோனுக்கு ஆல்டோவின் மாற்றத்துடனும் மேலும் ஒரு ஸ்தாயி கூட்டி எழுத வேண்டும். இந்தக் கணக்கை ஆசிரியர் வேகமாகவே கடந்துவிட்டார். ஏற்கெனவே வாத்தியம் வாசிப்பவர்களுக்கு அது போதும், மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும்.

இந்த வகுப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது மூன்றாவது சனிக்கிழமை. ஆசிரியர் கரும்பலகையில் மோகனத்தின் ஆரோகணத்திலிருந்து ச, ரி, க, ப என்று நான்கு ஸ்வரங்களை மட்டும் எழுதி, இதுதான் முதல் ஆல்டோ வாசிக்கும் மெட்டு என்றார். ஷட்ஜத்துக்குக் கீழே தைவதம், பஞ்சமம், காந்தாரம் என்று நெருக்கமாக மூன்று ஸ்வரங்களை அடுக்கி, அவற்றை இரண்டாம் ஆல்டோவுக்கும் இரு டெனர்களுக்கும் கொடுத்தார். பாரிடோனுக்கு முதல் ஆல்டோவின் மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே கொடுத்தார். மெட்டு காந்தாரத்துக்குப் போனால் க, ச, த, ப என்றும், பஞ்சமத்துக்குப் போனால் ப, க, ச, த என்றும் அதே நான்கு ஸ்வரங்கள்தாம் இடம் மாறி நிற்கின்றன. இடையில் வரும் ரிஷபத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே காகலி நிஷாதம், சுத்த தைவதம், சுத்த மத்தியமம் என்று எழுதினார். மூன்றும் மோகனத்தில் இல்லாத ஸ்வரங்கள். மோகனம் கெட்டுவிடுமே என்று பக்கத்தில் இருந்த வீணை மாணவி சொன்னார். ஆசிரியர் பதில் சொல்லாமல் எங்களில் நான்கு பேரை எழுந்து நிற்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு வரியாகப் பாட வைத்தார். ரிஷபத்தில் அந்த அந்நிய ஸ்வரங்கள் ஒரு கணம் உரசி, காந்தாரத்தில் மறுபடி வீடு வந்து சேர்ந்தபோது, மேலே மெட்டு மோகனமாகவே இருந்தது; அடியில் மட்டும் அது அசைந்து நடக்கத் தொடங்கியிருந்தது. சாக்ஸபோன் வரிசை ஏன் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதற்கு எனக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

அடுத்த வாரங்களில் இதே அடுக்கில் மேலிருந்து இரண்டாவது ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் டிராப் டூ முறையும், கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக எழுதினால் ஏன் கலங்கிப்போகும் என்பதும் வந்தன. எல்லாவற்றையும் அவர் பாட வைத்தே புரிய வைத்தார். சுரஞானம் உள்ள ஒருவருக்கு சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளான மேல்நாட்டுக் கார்டுகளின் பெயர்கள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, பெயர்கள் பின்னால் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதை நம் இசையைக் கொண்டு மேல்நாட்டு இசையை விளக்கும் மேம்போக்கான ஒப்பீடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் ஒப்பிடவில்லை, நம் காதுக்கு ஏற்கெனவே பழகிய ஸ்வரங்களிலிருந்து பாடத்தைத் தொடங்கினார், அவ்வளவே.

வகுப்பின் உயிர்நாடி மாதத்தின் கடைசி ஞாயிறு. அன்று மாலை நான்கு மணிக்குப் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பேண்டு செட்காரர்களும், தேவாலயக் குழுக்களில் வாசிப்பவர்களும், ஓய்வுபெற்ற வாத்தியக்காரர்கள் சிலரும் அந்த மாடியில் கூடி, அந்த மாதம் மாணவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். எழுதியது எதுவானாலும் இரண்டு முறை வாசிக்கப்படும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே வாசித்தவர்கள் தங்கள் பார்ட்டை, அதாவது தங்களுக்கு எழுதப்பட்ட பகுதியைப் பற்றிச் சொல்வதை எழுதியவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதம் நான் முப்பத்திரண்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு துண்டை எடுத்துப் போயிருந்தேன். அதன் கடைசிப் பன்னிரண்டு பாரில், குழு முழுவதும் சேர்ந்து உச்சத்தில் வாசிக்கும் ஷவுட் கோரஸை எழுதியிருந்தேன். கணினியில் போட்டுக் கேட்டபோது அது கோபுரம்போல் எழுந்து நின்றது. முதல் டிரம்பெட்டை, ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளான ஸ்டாஃபுக்கு மேலே உள்ள உச்ச சி-யைச் சுற்றியே பன்னிரண்டு பாரும் ஓய்வில்லாமல் வைத்திருந்தேன். அன்று முதல் டிரம்பெட் வாசித்தவர் அறுபது வயதைக் கடந்த, என்னைவிட எவ்வளவோ அனுபவம் உள்ள ஒரு பெரியவர். ஒன்பதாவது பாரில் ஸ்வரம் உடைந்தது. அவர் வாத்தியத்தை மடியில் வைத்து, உதட்டை விரலால் நீவிவிட்டுக்கொண்டே, "தம்பி, இதுல மூச்சு எங்க விடறது?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். நானும் டிரம்பெட் வாசிப்பவன். திருவிழாவில் உதடு மரத்துப்போகும் வலி எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதும்போது அதை மறந்திருந்தேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை பதின்மூன்று ஊதுவாத்தியங்களின் பார்ட்டுகளையும் ஒவ்வொன்றாக நின்றபடி பாடச் சொல்லி, நான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னார். கோடு விழ வேண்டிய இடத்தில் ஓய்வு இல்லை என்றால் அந்த வரியை மாற்ற வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, மற்ற மாணவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். மூன்றாம் டிரம்பெட்டுக்கு நான் எழுதியிருந்த வரி பாடவே முடியாதபடி தாறுமாறாகத் தாவிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. கார்டில் மிச்சமிருந்த ஸ்வரங்களையெல்லாம் அந்த ஆளின் தலையில் கட்டியிருந்தேன். இரண்டு பாருக்கு ஒருமுறை டிரம்பெட்டுகளுக்கு ஓய்வு கொடுத்து, அந்த இடைவெளியில் டிராம்போன்களைப் பதில் சொல்ல வைத்து, உச்ச சி-யைப் பதினோராவது பாருக்கு மட்டும் ஒதுக்கித் திரும்ப எழுதினேன். அடுத்த மாத இறுதியில் அதே பெரியவர் அதை வாசித்தபோது, ஸ்வரங்கள் குறைந்திருந்தும் சத்தம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. உச்ச ஸ்வரத்துக்கு வரும்போது அவரிடம் மூச்சும் உதடும் மிச்சமிருந்தன.

இந்த முறைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பதையும் வகுப்பிலேயே அறிந்தேன். அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் தம் பார்ட்டுகளின் தலைப்பில் பெரும்பாலும் வாத்தியத்தின் பெயரை எழுதாமல் வாசிப்பவரின் பெயரை எழுதுவாராம். அவருடைய பாரிடோன் சாக்ஸபோன்காரர் ஹாரி கார்னி 1927இல் குழுவில் சேர்ந்து, 1974இல் எலிங்டன் மறையும்வரை உடனிருந்தார். அத்தனை ஆண்டுகள் ஒரே மனிதருக்கு எழுதியவருக்கு, அந்த மனிதரின் குரல் எங்கே கனியும் என்பது கையெழுத்துபோல் தெரிந்திருக்கும். 1930இல் எலிங்டன் பதிவுசெய்த மெதுவான பாடல் ஒன்றில் ம்யூட் என்ற ஒலியடக்கி போட்ட டிரம்பெட் மேலேயும், ம்யூட் போட்ட டிராம்போன் அதை ஒட்டிக் கீழேயும், கிளாரினெட் அவற்றுக்கு வெகு கீழே தன் அடிக்குரலிலும் வருகின்றன. பாடப்புத்தக வரிசையைத் தலைகீழாக்கிய அந்த அடுக்கை ஆசிரியர் மூன்று வாத்தியங்களைக் கொண்டு எங்கள் முன்னால் வாசித்துக்காட்டச் செய்தார். அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. சாக்ஸபோன் வரிசை கேட்க, பித்தளை வாத்தியங்கள் பதில் சொல்லும் முறையை 1920களில் பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் டான் ரெட்மன் எழுதி வளர்த்த விதத்தை, பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடுவதோடு சேர்த்து அவர் சொன்ன பாடமும் எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும், ரிதம் செக்ஷனுக்கு இரண்டே இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கியது. கவுண்ட் பேசி என்பவரின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்த கிட்டார்காரர் ஃபிரெடி கிரீன், 1987இல் தாம் இறக்கும்வரை, பாருக்கு நான்கு தட்டு என்ற ஒரே வேலையைச் செய்து அந்தக் குழுவையே தூக்கி நிறுத்தினார் என்று சொன்ன ஆசிரியர், அத்தகைய கிட்டார் பார்ட்டை எப்படி எழுதுவது என்பதை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். டிரம்ஸ்காரருக்கு ஒவ்வொரு அடியையும் எழுதாமல், பித்தளை வாத்தியங்கள் விழும் இடங்களை மட்டும் கோட்டுக்கு மேலே சிறிதாகக் குறித்தால் போதும் என்ற முக்கியமான செய்தி, நான் தனியே போய்க் கேட்ட பிறகுதான் எனக்குத் தெளிவானது. இரண்டாவது, டிராம்போன்கள் போதவில்லை. இரண்டு டிராம்போன்களும் இரண்டு யூஃபோனியங்களும்தான் கிடைத்தன. யூஃபோனியத்தின் குரல் உருண்டையானது, அதில் டிராம்போனைப்போல் நீட்டி இழுக்கும் குழாயான ஸ்லைடும் இல்லை. அதனால் டிராம்போன் வரிசை சேர்ந்து இழுத்து ஏறும் சத்தத்துக்காக எழுதியவற்றை நாங்கள் சரிவரக் கேட்க முடியவில்லை. ஒளிநகல் தாள்கள் பல இடங்களில் மங்கலாக இருந்ததும், எட்டு மணிக்குள் சத்தத்தை நிறுத்த வேண்டியிருந்ததும் சிறிய விஷயங்கள்.

ஆறு மாதத்துக்கு 15,000 ரூபாய் கட்டணம். தாள் செலவு தனி. கடலூரிலிருந்து போகிறவர்கள் தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியே பேருந்தில் வந்து, பேருந்து நிலையத்திலிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உயிருள்ள மனிதர்கள் நாம் எழுதியதை வாசித்துக் காட்டுகிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் கட்டணம் அதிகமென்று சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது. எங்களோடு சேர்ந்த இருவர் அதனாலேயே இரண்டாம் மாதம் நின்றுவிட்டார்கள். ஏதேனும் ஓர் ஊதுவாத்தியம் வாசிப்பவர்களுக்கு, முக்கியமாகப் பேண்டு செட்டில் இருப்பவர்களுக்கு, இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சினிமா இசைக்குக் குறுக்கு வழி தேடுபவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது.

அடுத்த அணி பொங்கல் கழித்துத் தொடங்குகிறது. சேர்க்கைக்கு விண்ணப்பப் படிவமோ தேர்வோ கிடையாது. உங்களுக்குப் பிடித்த மெட்டு ஒன்றின் எட்டு பாரை ஆசிரியர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறீர்கள் என்பதை அவர் கவனித்துக்கொண்டிருப்பார்.