கியோட்டோவில் ஒரு மழைநாள்: உட்கார்ந்து பார்க்க வேண்டிய மூன்று தோட்டங்கள்

கியோட்டோவுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருகிறவர்கள் ஏழெட்டுக் கோயில்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். எங்களிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. பள்ளித் தோழிகள் நான்கு பேரும் முந்தின நாள் ராத்திரி விடுதி அறையில் உட்கார்ந்து பேசி, அதை மூன்றாகக் குறைத்தோம்: ரியோவான்ஜி, நின்னாஜி, தென்ரியூஜி. மூன்றுமே 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மூன்றுமே ராண்டென் என்ற சின்ன டிராம் பாதையை ஒட்டி இருக்கின்றன. மூன்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத் திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்க்கலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு முதல் காரணம்.

ஜெயாவுக்கு இதில் உடன்பாடில்லை. "ஜப்பான் வரைக்கும் வந்துட்டு தங்கக் கோயிலைப் பார்க்காமப் போறதா? வீட்ல கேட்டா என்னடி சொல்றது?" என்றாள். அந்தத் தங்கக் கோயில், கின்காகுஜி, அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1397-ல் அஷிகாகா யோஷிமிட்சு என்ற ராணுவ ஆட்சியாளர் தொடங்கிய இடம். 1950-ல் தீக்கிரையாகி, 1955-ல் அதே வடிவில் திரும்பக் கட்டியது. ஆனால் அந்த மண்டபத்துக்குள் நம்மை விடுவதில்லை. குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, கூட்டத்தோடு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஜப்பானியத் தோட்டங்களில் பல, அறையிலோ திண்ணையிலோ உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை மனதில் வைத்து அமைத்தவை. உட்காராமல் போனால் பாதிதான் தெரியும். அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயா இந்தச் சுற்றுக்கு அடுத்த நாள் காலையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தாள்.

நாங்கள் போனது ஜூன் மாதம், மழைக்காலம். இதற்காக யாரும் தயங்க வேண்டாம். செர்ரிப் பூவுக்கும் இலையுதிர்கால மேப்பிளுக்கும் வரும் கூட்டம் ஜூனில் இல்லை. பாசி இந்தச் சமயத்தில்தான் முழுப் பச்சையில் இருக்கும். கூரைகள் எல்லாம் நன்றாக வெளியே நீண்டிருப்பதால் திண்ணையில் சாரல்கூட அடிப்பதில்லை.

ரியோவான்ஜி மார்ச் முதல் நவம்பர் வரை காலை 8 மணிக்குத் திறக்கிறது. திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், இதில் சமரசமே கூடாது. நான்கு பேர் என்பதால் டாக்சி பிடித்தோம். மாலதியின் முழங்காலுக்கும் அதுதான் சரியாக இருந்தது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 600 யென். உள்ளே நுழைந்ததும் பெரிய குளம் ஒன்று, அல்லி பூத்து, கண்ணைப் பிடித்து இழுக்கும். அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். நேராகக் கல் தோட்டத்துக்குப் போங்கள்.

கிட்டத்தட்ட 25 மீட்டருக்கு 10 மீட்டர். வெள்ளைச் சரளை, அதில் ஐந்து தொகுதிகளாக 15 கற்கள், கற்களின் காலடியில் மட்டும் கொஞ்சம் பாசி. மரமில்லை, தண்ணீரில்லை. ஹொசோகவா கட்சுமோட்டோ என்ற பிரபு 1450-ல் இந்தக் கோயிலை நிறுவினார் என்பது தெரியும். ஆனால் தோட்டத்தை யார் அமைத்தார்கள், எந்த வருஷம் அமைத்தார்கள், இந்தக் கற்கள் எதைக் குறிக்கின்றன என்பதெல்லாம் இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது. ஒரு கல்லின் பின்பக்கம் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வேலை செய்தவர்களுடைய பெயர்களாக இருக்கலாம் என்கிறார்கள். கடலும் தீவும் என்பார்கள், புலி குட்டிகளோடு ஆற்றைக் கடக்கிறது என்பார்கள். எனக்கு அந்த விளக்கங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். என் கண் கல்லைவிட அதிக நேரம் பின்னால் இருந்த சுவரில்தான் நின்றது. தாழ்வான மண் சுவர். எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய களிமண்ணால் கட்டியது; அந்த எண்ணெய் பல நூற்றாண்டாகக் கசிந்து கசிந்து சுவர் முழுக்கத் தடம் போட்டிருக்கிறது. ஓரிடத்தில் காவி, பக்கத்தில் தேன் நிறம், கீழே கறுத்த திட்டு, நடுவில் மேலிருந்து வழிந்து பாதியில் நின்றுபோன கோடுகள். சுவரின் உச்சியில் மெல்லிய மரச் சில்லுகளால் வேய்ந்த சின்னக் கூரை. மழை அதன் ஓரத்தில் சொட்ட, அடிப்பக்கம் ஈரம் ஏறி, காவி நிறம் எங்கள் கண்ணெதிரிலேயே கெட்டிப்பட்டுக்கொண்டு வந்தது. முன்னால் சீப்பால் வாரிய மாதிரி நேர்கோடுகளும், கற்களைச் சுற்றி மட்டும் வளையங்களும். வெளிறிய சரளைக்கும் இந்த அழுத்தமான சுவருக்கும் நடுவில் கற்கள் நிற்பதால்தான் அவற்றுக்கு அவ்வளவு கனம் வருகிறது. புகைப்படங்களில் பெரும்பாலும் சுவரை வெட்டிவிடுகிறார்கள், அது பெரிய அநியாயம்.

திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். எட்டரை மணிக்கு மேல் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். சீருடைப் பையன் ஒருவன் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்ந்தான். கடைசியில் நண்பனிடம் ஏதோ சொல்ல, அவன் நம்பாமல் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான். சாந்தியும் அவர்களோடு சேர்ந்து எண்ணினாள்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கூட்டம் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஒரு குழு வரும், படம் எடுக்கும், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். அப்புறம் கொஞ்ச நேரம் இடமே காலி. கூட்டத்தைக் கண்டு எழுந்துவிடாதீர்கள். அரைமணி நேரமாவது இருந்தால் நடுவில் நல்ல இடைவெளி கிடைத்தே தீரும். எங்களுக்குக் கிடைத்தது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பார்வை இல்லாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காகத் தோட்டத்தின் சின்ன மாதிரி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். மாலதி கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பவும் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தாள். "இப்பத்தான்டி எது எவ்வளவு தள்ளி இருக்குன்னு புரியுது" என்றாள்.

அங்கிருந்து நின்னாஜிக்கு நடந்தே போய்விடலாம். கால் மணி நேரத்துக்குள்தான். 888-ல் உடா பேரரசர் காலத்தில் எழுந்த கோயில். அதன்பின் பல நூற்றாண்டுகள் அரச குடும்பத்தவர்களே தலைமைக் குருவாக இருந்தார்கள். அந்த அரண்மனைக் களை இன்றும் இருக்கிறது. பிரதான மண்டபமே கியோட்டோ அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கட்டடம்தான். ஏப்ரலில் இங்கே குட்டையான ஓமுரோ செர்ரி மரங்களைப் பார்க்க ஊரே திரளும். ஜூனில் எங்களோடு சேர்த்து ஒரு சிலர்தான் இருந்தோம்.

கோதென் என்ற அரண்மனைப் பகுதிக்கு 800 யென் தனி டிக்கெட். கட்டாயம் வாங்குங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் கூரை போட்ட மர நடைபாதைகள் இணைக்கின்றன, குடையே வேண்டாம். தெற்கில் வெறும் வெண்மணல் முற்றம். வடக்கில் குளமும் சின்ன அருவியும். குளத்துக்கு அப்பால் மரங்களின் தலைக்கு மேலே 1644-ல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம் எட்டிப் பார்க்கிறது. அது தோட்டத்துக்கு வெளியே நிற்கும் கோபுரம், ஆனால் காட்சியில் தோட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. தூரத்தில் இருப்பதைக் கடன் வாங்கித் தன் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இந்த வித்தையை முதலில் இங்கே பார்த்துவிட்டுப் போனால், தென்ரியூஜியில் கண் தானாகவே மலையைத் தேடும். குறை என்றால் ஒன்றுதான்: பெரிய வாசல் படிகள். மாலதி நின்று நின்றுதான் ஏறினாள். மழைநாளில் மரத்தளம் சில்லென்று இருக்கும், காலுறை நனைந்துவிடும். பையில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் ராண்டென் நிலையம். கதபிரானோட்சுஜியில் மாறி அராஷியாமா போக வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் 250 யென்தான். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிற சின்ன வண்டி, பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைவிட எவ்வளவோ மேல்.

இனி சாப்பாடு. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜப்பானில் படும் பாடு கொஞ்சமல்ல. காய்கறி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் சூப், குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த பொனிட்டோ மீனில் எடுத்த தாஷி என்ற சாறு இருக்கும். முந்தின நாள் ஒரு கடையில் சைவம்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். பாதி சூப் குடித்த பிறகு கேட்டால், மீன் சாறு என்றார்கள். சாந்தி கண் கலங்கிவிட்டாள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மீன் துண்டு இல்லையென்றால் சைவம் என்று நினைத்துவிட்டார்கள். ஆனாலும் அவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஷிகெட்சு உணவகத்தில் அந்தக் கவலை இல்லை. ஜென் துறவிகளின் ஷோஜின் சமையல். மாமிசம், மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சாறு எடுப்பது கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும். பாய் விரித்த கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, சிவப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எள்ளில் செய்த தோஃபு ஒரு சதுரம், வாயில் வைத்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, கரைந்த பிறகுதான் எள்ளின் மணம் மெதுவாக மேலே வரும். மிசோ என்ற சோயா விழுது தடவிச் சுட்ட கத்தரிக்காய், வேகவைத்த காய்கள், ஊறுகாய், சூப், சோறு. நம் நாக்குக்குக் காரமும் புளிப்பும் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஜெயாவுக்குச் சப்பென்று இருந்தது. சாந்தி ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, எதையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆரம்ப விலையே 3,000 யென்னுக்கு மேல், தோட்டக் கட்டணம் தனி. என் கணக்கில் அது தகும். தரையில் உட்காரும் ஏற்பாடு என்பதால் முழங்கால் வலி இருப்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மாலதிக்குச் சின்ன ஆசனம் ஒன்று கொடுத்து உதவினார்கள்.

சாப்பிட்டுவிட்டு தென்ரியூஜி தோட்டம். என்னைக் கேட்டால் அன்றைய நாளின் உச்சம் இதுதான். ராணுவ ஆட்சியாளர் அஷிகாகா தகாவுஜி, தான் எதிர்த்துப் போரிட்ட கோ-தைகோ பேரரசர் 1339-ல் இறந்தபின், அவருடைய ஆன்மா சாந்தியடைய இந்தக் கோயிலைக் கட்ட முனைந்தார். பணம் போதாமல், சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி அந்த லாபத்தில் வேலையை முடித்தார்கள். தோட்டத்தை அமைத்தவர் முதல் தலைமைக் குருவான முசோ சொசெகி. கட்டடங்கள் திரும்பத் திரும்ப எரிந்து, இப்போது நிற்பவற்றில் பெரும்பாலானவை மெய்ஜி காலத்தவை (1868–1912). ஆனால் குளமும் கற்களும் பெரும்பாலும் அன்றைய அமைப்பிலேயே இருக்கின்றன.

தோட்டத்துக்கு 500 யென், கட்டடத்துக்குள் போக இன்னும் 300. அந்த 300-ஐ மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், அது திண்ணைக்கான விலை. அங்கே உட்கார்ந்தால் குளம், குளத்துக்கு அப்பால் சரிவு, சரிவுக்குப் பின்னால் அராஷியாமா மலை, எல்லாம் ஒரே தோட்டமாகத் தெரிகின்றன. எங்கே வேலி முடிகிறது, எங்கே மலை ஆரம்பிக்கிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மழை மேகம் இறங்கியபோது மலை ஒரேயடியாக மறைந்து குளம் சின்னதாகிவிட்டது. மேகம் விலகியதும் தோட்டம் திரும்ப விரிந்தது.

எதிர்க்கரையின் நடுவில் செங்குத்தான கற்களை அடுக்கிய அருவி இருக்கிறது, தண்ணீர் இல்லாத அருவி. அதை ஏறிக் கடக்கும் கெண்டைமீன் டிராகன் ஆகிவிடும் என்பது சீனக் கதை. அந்த மீனும் ஒரு கல்தான். இங்கே அதை அருவியின் அடியில் வைக்காமல் பாதி ஏறிய இடத்தில் வைத்திருக்கிறார் சொசெகி. அதற்குக் கீழே மூன்று பலகைக் கற்களால் ஆன பாலம். திண்ணையிலிருந்து பார்த்தால் இதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும், சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் பிரபலமான மூங்கில் பாதை. மதியத்துக்கு மேல் அங்கே தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு வந்துவிட்டோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கோயில் நுழைவு டிக்கெட்டுகளுக்கு மட்டும் ஆளுக்கு 2,200 யென் ஆனது. பழைய குறிப்புகளைப் பார்த்து நகரப் பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸைத் தேடாதீர்கள், அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த பாஸ். அது ராண்டெனில் செல்லாது, எங்களைப் போல் ஒரு டாக்சியும் டிராமுமாகச் சுற்றுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை, பணம் ஏற்றி வைத்துத் தட்டிச் செல்லும் ஐசி கார்டு போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் ரியோவான்ஜி 8.30-க்குத்தான் திறக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, ஷிகெட்சு முன்பதிவை அரைமணி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.