காலை தேசிய அறிக்கையா, உடனடி உள்ளூர் எச்சரிக்கையா?

அமெரிக்க மாவட்டங்களில் குறைந்த ஆட்களுடன் பணியாற்றும் அவசரகால மேலாளர்கள் பலர், காலையில் வரும் தேசிய நிலவர அறிக்கையை நம்புவதா, தேசிய வானிலை சேவையின் 122 உள்ளூர் அலுவலகங்கள் விடுக்கும் எச்சரிக்கைகளைத் தொடர்வதா என்று தயங்குகிறார்கள்.

கால அவகாசம்
தேசிய அறிக்கை: ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் இதற்காகக் கடும் இடிமழை அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டுவதால், பணிமுறையை மாற்றவும் மீட்பு வாகனங்களை முன்கூட்டியே நகர்த்தவும் பல மணி நேரம் கிடைக்கிறது.
உள்ளூர் எச்சரிக்கை: சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கும், ஆனால் உயிர்கள் காப்பாற்றப்படுவது அந்த நிமிடங்களில்தான்.

இடத் துல்லியம்
தேசிய அறிக்கை: பல மாநிலங்களை ஒரே நிறத்தில் காட்டும்.
உள்ளூர் எச்சரிக்கை: 2007 முதல் மாவட்ட எல்லையை விட்டு, புயலின் பாதையையே பலகோணமாக வரைந்து காட்டுகிறது.

உழைப்பு
தேசிய அறிக்கை: ஒருவர் காலையில் வாசித்தால் போதும்.
உள்ளூர் எச்சரிக்கை: இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும், திடீர் வெள்ளம் உறங்கும் நேரத்தில் வரும்போது இதுவே பெரிய சிக்கல்.

நிலநடுக்கத்தை இரண்டுமே முன்னறிவிக்க இயலாது.

மாநில அளவில் ஆட்களையும் பொருட்களையும் பங்கிடுபவருக்குத் தேசிய அறிக்கை பொருந்தும். ஆற்றங்கரை முகாமையோ பள்ளியையோ காலி செய்ய ஆணையிடும் பொறுப்பில் இருப்பவர், காலை அறிக்கையில் தம் பகுதி தாழ்ந்த படியில் இருந்தாலும், உள்ளூர் எச்சரிக்கையையே பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.